புது லேப்டாப், புது இயங்குதளம், ஒரே திரையில் மூன்று கோளாறுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பயனர் ஐம்பது வயதைக் கடந்தவர். மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் அவருடைய தொழில். நாளொன்றுக்கு எட்டு மணி நேரமாவது திரையில் எழுத்துகளைப் பார்த்தபடி இருப்பவர். அவரிடம் இருந்த லேப்டாப் 15.6 அங்குலம், 1366×768 பிக்சல், இன்டெல் ஆறாம் தலைமுறைச் செயலி, விண்டோஸ் 10. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியும் வேண்டும். பழைய கருவி இதில் தேறவில்லை. கட்டண நீட்டிப்பு போன்ற வழிகள் இருந்தாலும் பேட்டரி முற்றிலும் போய்விட்டதால், கருவியையே மாற்றுவது என்று முடிவானது.

புதிதாக வந்தது 14 அங்குல ஓஎல்இடி திரை, 2880×1800 பிக்சல், 120 ஹெர்ட்ஸ், மீட்டியோர் லேக் வகை இன்டெல் செயலி, 16 ஜிபி நினைவகம், 512 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 11 நிறுவப்பட்டே வந்தது. அதே வாரத்தில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 24.04க்கு மாறுவது என்றும் தீர்மானித்தார்கள். காரணம் எளிது: அவர் நாள்தோறும் பயன்படுத்தும் லிப்ரேஆஃபிஸ், ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்ட், மொழிபெயர்ப்புக்கான ஓமேகாடி ஆகிய நான்கும் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒன்றுபோல் ஓடுபவை. இந்த மென்பொருள்களை மாற்றாமல் இயங்குதளத்தை மட்டும் மாற்றலாம் என்ற கணக்கு சரியானதுதான். கருவியையும் தளத்தையும் ஒரே வாரத்தில் மாற்றியதுதான் பின்னால் வந்த குழப்பத்துக்கு வழிவிட்டது.

நிறுவும் முன் எடுத்த முடிவுகள்

விண்டோஸை அழிக்காமல் 120 ஜிபிக்குச் சுருக்கி வைத்தார்கள். ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை நிரல்) அப்டேட்டுக்கு உதவும் என்பது ஒரு காரணம். ஏதாவது கோளாறு தெரிந்தால் அதே திரையை இன்னொரு தளத்தில் பார்த்து ஒப்பிடலாம் என்பது மற்றொன்று. இரண்டாவது காரணம் பின்னால் பெரிதும் கைகொடுத்தது.

இப்போதைய லேப்டாப்புகள் பலவற்றில் வட்டுக் குறியாக்கம் பயனர் கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கும். வட்டின் ஒரு பிரிவான பகிர்வைச் சுருக்கினாலோ, கையொப்பமுள்ள துவக்க நிரலை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் அமைப்பைத் தொட்டாலோ, அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நின்றுவிடக்கூடும். எனவே முதலில் அந்தச் சாவியைத் தாளில் எழுதி, எழுதியதை இரண்டாமவர் ஒருவர் இலக்கம் இலக்கமாகச் சரிபார்த்தார். பிறகு குறியாக்கப் பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்தி, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்து, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாகவே பகிர்வைச் சுருக்கினார்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அணையாமல் இருந்தால் விண்டோஸ் முழுமையாக மூடப்படுவதில்லை. அந்தப் பகிர்வை லினக்ஸ் படிக்க மட்டுமே திறக்கும், அல்லது திறக்கவே மறுக்கும்.

செக்யூர் பூட் அணைக்கப்படவில்லை. உபுண்டுவின் துவக்க நிரல் கையொப்பமிடப்பட்டது என்பதால் அதற்குத் தேவையும் இல்லை. நிறுவிய பின் விண்டோஸுக்குப் போக, உபுண்டுவோடு வரும் கிரப் என்ற துவக்க மெனுவைப் பயன்படுத்தாமல் ஃபர்ம்வேரின் துவக்க மெனுவையே பயன்படுத்தச் சொன்னார்கள். கிரப் வழியே போனால் துவக்கச் சங்கிலி மாறிவிட்டதாகக் கருதி விண்டோஸ் மீண்டும் மீட்புச் சாவியைக் கேட்கலாம்.

நிறுவல்

நிறுவலில் சிக்கல் எதுவும் இல்லை. கண்ணுக்குப் பட்ட முதல் குறை கிரப் மெனு. 2880×1800 அடர்த்தியில் அதன் எழுத்து எறும்பு அளவில் தெரிந்தது, அம்புக்குறி விசைக்கு ஒவ்வொரு வரியாகத் தயங்கி நகர்ந்தது. அமைப்புக் கோப்பில் கிரப்பின் வரைகலை அளவை 1024×768க்குக் குறைத்ததும் இரண்டும் தீர்ந்தன. எழுத்து மட்டுமே தெரியும் கன்சோல் திரைக்கு டெர்மினஸ் எழுத்துருவை 16×32 அளவில் அமைத்தார்கள். இது அழகுக்காகச் செய்தது இல்லை. வரைகலைத் திரை வராமல் போகும் நாளில் பிழைச் செய்தியைப் படிக்க முடியவேண்டும்.

முதல் வாரத்தில் கண்டவை

பயனரின் புகார் ஒரே வரியில் இருந்தது: ‘லினக்ஸில் ஸ்கிரீன் சரியில்லை, தலை வலிக்கிறது.’ எப்போது, எந்த மென்பொருளில், எந்த ஒளிர்வில் என்று ஒரு தாளில் குறித்துவரச் சொன்னதும் அந்த ஒரு வரி மூன்றாகப் பிரிந்தது.

ஓமேகாடியில் எழுத்து எப்போதும் மங்கலாக இருந்தது. லிப்ரேஆஃபிஸிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் கூர்மையாக இருந்தது. அடுத்தது, பக்கத்தைச் சில நொடிகள் அசைக்காமல் படித்துவிட்டுத் தட்டச்சைத் தொடங்கினால் முதல் ஒன்றிரண்டு எழுத்து தாமதமாக விழுந்தது. சில சமயம் திரையின் கீழ்ப்பகுதி ஒருகணம் துடித்து அடங்கியது. மூன்றாவது தலைவலி. அது பகலில் இல்லை. மாலையில், அறை விளக்கு மங்கி, ஒளிர்வு 25–30 சதவீதத்துக்கு இறங்கிய பிறகே வந்தது.

தாளில் குறிக்கத் தொடங்குமுன் நிறுவிக் கொடுத்தவர் சில மாற்றங்களை ஒரே நாளில் சேர்த்துச் செய்திருந்தார்: சாளரங்களைத் திரையில் காட்டும் புதிய முறையான வேலண்டை விட்டுப் பழைய முறையான எக்ஸ்ஆர்க் அமர்வு, 120 ஹெர்ட்ஸிலிருந்து 60 ஹெர்ட்ஸ், இரவு விளக்கு வசதி. மங்கல் சற்றுக் குறைந்தது, விசிறி சத்தம் கூடியது, தலைவலி அப்படியே இருந்தது. எது எதனால் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்ற விதியோடு மறுபடி தொடங்கினார்கள்.

பிரித்தறிந்த முறை

இந்நிகழ்வில் மற்றவர்களுக்கு அதிகம் பயன்படக்கூடியது இந்தப் பகுதிதான். விலையுள்ள கருவி எதுவும் தேவைப்படவில்லை.

முதல் சோதனை ஸ்கிரீன்ஷாட். கோளாறு தெரியும் நேரத்தில் ஒன்றை எடுத்து வேறொரு கணினியில் பெரிதாக்கிப் பார்க்கவேண்டும். அங்கும் தெரிந்தால் படத்தை வரையும் மென்பொருளில் பிழை. தெரியாவிட்டால் படம் சரியாகத்தான் வரையப்பட்டிருக்கிறது. அதைத் திரைக்குக் கொண்டுசேர்க்கும் வழியிலோ பேனலிலோ சிக்கல். ஓமேகாடியின் மங்கல் ஸ்கிரீன்ஷாட்டில் பதிந்தது. துடிப்பு பதியவில்லை.

இரண்டாவது, வெளி மானிட்டர். எச்டிஎம்ஐ கேபிளில் 24 அங்குல ஐபிஎஸ் (எல்சிடி வகை) மானிட்டர் ஒன்றைச் செருகி அதே வேலையைச் செய்தார்கள். தாமதமும் துடிப்பும் அங்கே அறவே இல்லை. ஆகவே அது லேப்டாப்பின் உள்திரை இணைப்புக்கு மட்டும் உரிய ஏதோ ஒன்று.

மூன்றாவது, ஃபர்ம்வேர் அமைப்புத் திரையும் விண்டோஸும். இயங்குதளம் எதுவும் ஏறாத நிலையில், ஒளிர்வைக் குறைத்து, கைபேசி கேமராவின் ஷட்டரை 1/2000 நொடிக்கு வைத்துத் திரையைப் பார்த்தார்கள். கறுப்புப் பட்டைகள் ஓடின. ஒளிர்வை ஏற்ற ஏற்றப் பட்டைகள் மெலிந்தன. விண்டோஸிலும் அதே பட்டைகள். விண்டோஸில் குறைந்த ஒளிர்வில் வேலை செய்த மாலைகளிலும் பயனருக்கு அதே தலைவலி. தலைவலிக்கு உபுண்டு காரணமில்லை என்பது அத்தோடு உறுதியானது. பயனருக்கு இது பெரிய ஆறுதல். தளத்தையே திருப்பி மாற்றிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மங்கல்: காரணமும் தீர்வும்

பழைய திரையில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 100 பிக்சல். புதியதில் சுமார் 243. ஸ்கேலிங் (திரையில் உள்ள எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டுவது) இல்லாமல் எதையும் படிக்க முடியாது. 150 சதவீதம் வைத்தால் 1920×1200க்கு ஈடான இடம் கிடைக்கும் என்பதால் அப்படி வைத்திருந்தார்கள். அதற்காக அமைப்புகளில், முழு மடங்காக இல்லாத அளவுகளை அனுமதிக்கும் பின்ன ஸ்கேலிங் பொத்தானையும் இயக்கியிருந்தார்கள்.

உபுண்டு 24.04இல் உள்ள க்னோம் 46 என்ற டெஸ்க்டாப், வேலண்டில் பின்ன ஸ்கேலிங் இயங்கும்போது, வேலண்டை நேரடியாகப் பேசத் தெரியாத செயலிகளைக் குறைந்த அளவில் வரையவைத்து, பிறகு அந்தப் படத்தை இழுத்துப் பெரிதாக்குகிறது. ஓமேகாடி ஜாவாவில் எழுதப்பட்டது. எக்ஸ்வேலண்ட் என்ற இடைத்தளம் வழியாகவே ஓடுகிறது. 1920×1200க்கு வரைந்த எழுத்தை 2880×1800க்கு இழுத்தால் மங்கத்தான் செய்யும். தமிழ் எழுத்தில் இது இன்னும் மோசம். ‘ண’, ‘ன’ போன்றவற்றின் சுழிகளும் புள்ளிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். மெய்ப்புத் திருத்துபவருக்கு இது சிறிய குறை இல்லை.

எந்தச் சாளரம் எக்ஸ்வேலண்டில் ஓடுகிறது என்று அறிய எக்ஸ்ஐஸ் என்ற பழைய சிறு நிரல் போதும். அதில் உள்ள இரு கண்கள், கர்சர் எக்ஸ்வேலண்ட் சாளரத்தின் மேல் இருக்கும்போது மட்டுமே கர்சரைப் பின்தொடரும். வேலண்ட் சாளரத்தின் மேல் போனால் நின்றுவிடும். ஓமேகாடியின் மேல் கண்கள் நகர்ந்தன, ஃபயர்ஃபாக்ஸின் மேல் நின்றன.

ஸ்கேலிங்கை 200க்கு மாற்றியும் மங்கல் போகவில்லை. பலர் தடுமாறும் இடம் இது. பின்ன ஸ்கேலிங் பொத்தான் இயக்கத்தில் இருக்கும்வரை, 200 போன்ற முழு எண்ணிலும் எக்ஸ்வேலண்ட் சாளரங்கள் இழுத்தே பெரிதாக்கப்படுகின்றன. பொத்தானையே அணைத்துவிட்டு 200 வைத்தபோது ஓமேகாடி கூர்மையானது, ஆனால் பாதி அளவுக்குச் சுருங்கியது. அதைத் தொடங்கும் கோப்பில் ஜிடிகே ஸ்கேல் என்ற சூழல் மாறியை 2 ஆக்கியதும் அளவும் சரியானது. ஜாவா 9க்குப் பிந்தைய பதிப்புகள் இந்த மாறியை மதிக்கின்றன.

200 சதவீதத்தில் கிடைக்கும் இடம் 1440×900. 150இல் கிடைத்ததைவிட இது குறைவு, பழைய லேப்டாப்பைவிடச் சற்று அதிகம். திரை சிறியது என்பதால் எழுத்து பழையதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சிறுத்துத் தெரிந்தது. ஸ்கேலிங்கைத் தொடாமல், டுவீக்ஸ் செயலியில் எழுத்து அளவுக் காரணியை மட்டும் 1.15 ஆக்கினார்கள். எழுத்து அந்த அளவிலேயே புதிதாக வரையப்படுவதால் கூர்மை கெடுவதில்லை. அதே இடத்தில் எழுத்து மென்மையாக்கத்தைச் சப்பிக்சலிலிருந்து கிரேஸ்கேலுக்கு மாற்றினார்கள். சப்பிக்சல் முறை, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் வரிசையாக நிற்கும் எல்சிடி பேனலை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. ஓஎல்இடி பேனல்கள் பலவற்றில் அந்த வரிசை வேறு. எழுத்தின் ஓரத்தில் நிறச் சாயல் படியும். இங்கும் படிந்திருந்தது, மாற்றியதும் மறைந்தது.

ஒரு குறை மிஞ்சியது. 100 சதவீதத்தில் இருக்கும் வெளி மானிட்டருக்கு ஓமேகாடியை இழுத்தால் அது இரட்டிப்பாகத் தெரியும். அதை லேப்டாப் திரையிலேயே வைத்துக்கொண்டு, மூல ஆவணத்தை மானிட்டரில் திறப்பது என்று வழக்கம் ஏற்படுத்திக்கொண்டார்கள்.

தாமதமும் துடிப்பும்

உள்திரையில் மட்டும் வருவது, படம் அசையாதபோதே தொடங்குவது என்ற இரண்டு குறிகளும் பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ் (பிஎஸ்ஆர்) என்ற மின்சேமிப்பு வசதியைச் சுட்டின. திரையில் மாற்றம் இல்லாதபோது பேனல் தன் நினைவகத்தில் உள்ள படத்தையே காட்டிக்கொண்டிருக்க, வரைகலைப் பகுதி ஓய்வெடுக்கும். மறுபடி விழித்து ஒத்திசைவதில் பேனலும் டிரைவரும் முரண்பட்டால் தாமதமும் துடிப்பும் வரும்.

உறுதி செய்ய எதையும் நிரந்தரமாக மாற்றவில்லை. கிரப் மெனுவில் திருத்தும் விசையை அழுத்தி, லினக்ஸின் மையநிரலான கர்னலைத் தொடங்கும் வரியின் முடிவில், இன்டெல் வரைகலையின் ஐ915 டிரைவருக்கான பிஎஸ்ஆர் அளவுருவைச் சேர்த்து எஃப்10 அழுத்தினால், அந்த ஒரு துவக்கத்துக்கு மட்டும் அது செல்லும். முதலில் 1 கொடுத்தார்கள். முதல் நிலையை மட்டும் அனுமதித்து, திரையின் பகுதிகளைத் தனித்தனியாகப் புதுப்பிக்கும் இரண்டாம் நிலையைத் தடுக்கும் மதிப்பு அது. மின்சேமிப்பில் ஒரு பகுதியாவது மிஞ்சும். கீழ்ப்பகுதித் துடிப்பு நின்றது, முதல் எழுத்துத் தாமதம் நீடித்தது. 0 கொடுத்ததும் இரண்டும் நின்றன. அதன்பிறகே அமைப்புக் கோப்பில் 0 என எழுதி, அப்டேட் கிரப் கட்டளையை இயக்கினார்கள். லூனார் லேக் போன்ற பிந்தைய இன்டெல் செயலிகளில் டிரைவரின் பெயர் எக்ஸ்இ. அங்கே அளவுருவின் முன்பெயரும் அதற்கேற்ப மாறும், பழைய பெயரில் எழுதினால் எந்த விளைவும் இருக்காது.

பேட்டரி சற்று விரைவாகக் குறைகிறது. பெரும்பாலும் மின் இணைப்பில் வேலை செய்பவர் என்பதால் பயனர் அதை ஏற்றுக்கொண்டார்.

மாலைத் தலைவலி

கேமராவில் தெரிந்த பட்டைகள், ஒளிர்வைக் குறைக்கப் பேனலை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றும் முறையால் வருபவை. இவ்வகை லேப்டாப் பேனல்கள் பலவற்றில் இது 240 ஹெர்ட்ஸ் அளவில் நடக்கிறது. கண்ணுக்குத் தனித்துத் தெரியாது. ஆனாலும் சிலருக்குக் களைப்பும் தலைவலியும் தரும். எந்த மென்பொருளும் இதைச் சரிசெய்யாது. சுற்றிப்போகத்தான் முடியும்.

ஒளிர்வை 70 சதவீதத்துக்குக் கீழே இறக்குவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். அந்த அளவில் கேமராவில் பட்டைகள் அநேகமாக மறைந்திருந்தன. அறை வெளிச்சத்துக்கேற்பத் தானாக ஒளிர்வைக் குறைக்கும் வசதியை அணைத்தார்கள். கண் கூசாமல் இருக்க, லிப்ரேஆஃபிஸின் நிற அமைப்பில் ஆவணப் பின்னணியை வெளிர் சாம்பலாக்கினார்கள். அச்சில் அது வராது. ஓமேகாடிக்கு அடர் சாம்பல் பின்னணி. மேசையில் ஒரு விளக்கு கூடுதலாக வந்தது. எக்ஸ்ஆர்க் காலத்துக் குறிப்புகளில் பரிந்துரைக்கப்படும் எக்ஸ்ரேண்ட்ஆர் (xrandr) ஒளிர்வுக் கட்டளை வேலண்டில் வேலை செய்யாது. இரவு விளக்கு நிறத்தை மஞ்சளாக்குமே தவிர பேனல் அணைந்து ஏறுவதை மாற்றாது. இரவு எட்டு மணிக்குப் பிறகான வேலை ஐபிஎஸ் மானிட்டருக்குப் போனது. அதில் எந்த ஒளிர்விலும் பட்டை தெரியவில்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. ஓஎல்இடியில் அசையாத வெளிச்சமான உருவங்கள் நாளடைவில் தடம் பதிக்கும். ஒளிர்வை உயர்த்தியே வைத்திருந்தால் அது விரைவுபடும். அதனால் சின்னங்கள் நிற்கும் டாக் பட்டை தானாக மறையும்படியும், ஐந்து நிமிடம் தொடாவிட்டால் திரை அணையும்படியும் வைத்தார்கள்.

தலைவலி குறைந்தும் முழுதாக நிற்காததால் கண் மருத்துவரிடம் போனார். படிப்புக் கண்ணாடியின் எண் மாறியிருந்தது. பெரிய திரையிலிருந்து சிறிய திரைக்கு வந்தபோது அவர் முன்னைவிட நெருங்கி அமர்ந்திருந்தார். பழைய கண்ணாடி அந்தத் தூரத்துக்குப் பொருந்தவில்லை.

எழுத்துருவும் விசைப்பலகையும்

லதா, நிர்மலா யூஐ எழுத்துருக்களில் இருந்த பழைய கோப்புகள் உபுண்டுவில் மாற்று எழுத்துருவில் திறந்தன. வரிகள் நகர்ந்து பக்க எண்ணிக்கை மாறியது. இனி இரு தளங்களிலும் நோட்டோ செரிஃப் தமிழ் என்று முடிவெடுத்து, வடிவம் குலையக்கூடாத கோப்புகளைப் பிடிஎஃப்பாக அனுப்பத் தொடங்கினார். பழைய ஒருங்குறி அல்லாத கோப்புகளை விண்டோஸ் பகுதியிலேயே மாற்றி எடுத்துக்கொண்டார்கள். தமிழ்99 தட்டச்சுக்கு ஐபஸ் எம்17என் தொகுப்பை நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்ததும் தேர்வுப் பட்டியலில் தெரிந்தது. அமைப்புகளின் பொதுப் பட்டியலில் தமிழ்நெட் 99 என்று வேறு தளவமைப்புகளும் உண்டு. அவை விசைகளை மட்டும் மாற்றுபவை, ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குத் தானே புள்ளி விழும் வசதி அவற்றில் இல்லை. பயனர் முதல் நாள் தேர்ந்தெடுத்தது அவற்றில் ஒன்றை.

மூன்று மாதங்களுக்குப் பின்

மங்கலும் தாமதமும் திரும்ப வரவில்லை. வாரத்தில் நான்கைந்து மாலைகள் வந்த தலைவலி எப்போதாவது ஒருமுறை என்ற நிலைக்கு வந்தது. அதில் திரைக்கு எவ்வளவு பங்கு, கண்ணாடிக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க இயலாது. இரண்டும் ஒரே மாதத்தில் மாறின. கர்னல் அப்டேட் ஒன்றுக்குப் பின் பிஎஸ்ஆர் அளவுருவை நீக்கிச் சோதித்தார்கள். தாமதம் உடனே வந்ததால் மீண்டும் சேர்க்கப்பட்டது. விண்டோஸ் பகுதி ஒரு ஃபர்ம்வேர் அப்டேட்டுக்காகத் திறக்கப்பட்டது.

மறுமுறை என்றால் மாறுபவை

பழைய கருவியில் முதலில் உபுண்டுவை நிறுவி, பழகிய திரையில் சில வாரம் வேலை செய்துவிட்டுப் பிறகே புதிய லேப்டாப்புக்குப் போகவேண்டும். பேட்டரி போயிருந்தாலும் மின் இணைப்பில் அது ஓடியிருக்கும். அப்படிச் செய்திருந்தால் எழுத்துரு, விசைப்பலகைச் சிக்கல்கள் முன்பே தீர்ந்திருக்கும்; திரைக் கோளாறுகள் புதிய கருவியுடையவை என்பதும் முதல் நாளே தெரிந்திருக்கும்.

திரை வகையைத் தேர்ந்தெடுக்கும்போது அழகும் நிறமும் பார்க்கப்பட்டன. பயனரின் வேலை முழுக்க வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. 14 அங்குலத்தில் 1920×1200 ஐபிஎஸ் திரை என்றால் அடர்த்தி அங்குலத்துக்குச் சுமார் 162. ஸ்கேலிங் 100இலேயே விட்டு எழுத்துக் காரணியை மட்டும் உயர்த்திச் சமாளித்திருக்கலாம். ஓஎல்இடிதான் வேண்டும் என்றால், வாங்கும் இடத்திலேயே ஒளிர்வைக் கால் பங்குக்கு இறக்கி, கைபேசி கேமராவின் ஷட்டரை 1/2000க்கு வைத்து ஒருமுறை பார்த்துவிடலாம். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் ஒரு முழு மாலையாவது குறைந்த ஒளிர்வில் அதில் வேலை செய்து பார்க்கவேண்டும். அதுவரை விண்டோஸ் பகிர்வைத் தொடாமல் யுஎஸ்பியிலிருந்தே உபுண்டுவை ஓட்டலாம்.